ராஜாம்பாள் மதாமின் இங்கிலீஷ்

ராஜாம்பாளுக்கு வகுப்பறை என்றால் பயம் கிடையாது. வகுப்பறைதான் அவளைக் கண்டு பயப்படும். உப்பளத்துப் பக்கம் இருந்த அந்தப் பெண்கள் பள்ளியில், பிரெஞ்சுப் பிரிவுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுத்தவள் அவள். தாழ்வாரத்தில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே உள்ளே முதுகுகள் நிமிரும். பிள்ளைகள் அவளை மதாம் என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துத் தெருவும் அப்படியே கூப்பிட்டது. அப்பேர்ப்பட்டவள் எழுபத்தாறாம் வருஷம் ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், ஏழாம் வகுப்பு இங்கிலீஷ் பிரிவின் வாசலில் உள்ளே போகத் தயங்கி நின்றாள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைக்காரன் கப்பலேறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற வீடுகள்கூடப் பேரப்பிள்ளைகளை இங்கிலீஷில் சேர்க்க ஆரம்பித்துவிட்டன. அந்த வருஷம் பிரெஞ்சுப் பிரிவில் சேர வந்த பிள்ளைகளை ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, மீதி இடத்தில் பையையும் வைத்துக்கொள்ளலாம். பிரிவை மூடிவிட்டார்கள். தலைமையாசிரியை கமலவேணி, ராஜாம்பாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள்.

“ஏனாம்ல பிரெஞ்சு டீச்சர் எடம் ஒண்ணு காலியா இருக்குது. இல்லன்னா இங்கியே ஏழாவதுக்கு சயின்ஸ் எடுங்க. ஆனா இங்கிலீஷ்ல எடுக்கணும். காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால ஆபீசர் வந்து ஒங்க க்ளாஸப் பாப்பாரு. அவருக்குத் திருப்தி இல்லன்னா ஏனாம்தான். என்னால ஒண்ணும் பண்ண முடியாது மதாம்.”

ஏனாம் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட ஊர்தான். ஆனால் ஆந்திராவுக்கு நடுவில், கோதாவரிக் கரையில் கிடக்கிறது. ரயிலேறி, இறங்கி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால் தெலுங்கைத் தவிர வேறு சத்தம் காதில் விழாது. அரசாங்கத்துக்கு யார் மேலாவது கோபம் வந்தால் அனுப்புவதற்கென்றே அந்த ஊரை வைத்திருக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் அறையில் பேசிக்கொள்வார்கள்.

அவள் தனிக்கட்டையாக இருந்தால் ஏனாம் என்ன, எங்கே வேண்டுமானாலும் போயிருப்பாள். வீட்டில் நாராயணசாமி இருந்தான். அவள் புருஷன். மில்லில் பஞ்சு அடிக்கிற இடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவன். அந்தத் தூசி நெஞ்சில் இறங்கி, ஐம்பது வயதுக்குள் வேலையை விடும்படி ஆகிவிட்டது. குளிர்காற்று பட்டால் மூச்சு இழுக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் அவனை நன்றாகத் தெரிந்த ஒரு டாக்டர் இருந்தார். மூச்சுச் சத்தத்தை வைத்தே மருந்தை மாற்றிக் கொடுப்பார். ஒரே மகள் விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். ராஜாம்பாள் மட்டும் ஏனாம் போனால் இவனை யார் பார்ப்பது? கூட்டிக்கொண்டு போனால், பாஷை தெரியாத ஊரில் மூச்சு முட்டுகிறது என்பதை எப்படிச் சொல்வான்? அவளுக்கு இருந்த பயம் இவ்வளவுதான். ஆனால் அது அவளைத் தூங்கவிடவில்லை.

நாராயணசாமியோ விஷயத்தைக் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான். “ஏனாம்னா ஏனாம். அங்கியும் மனுசங்கதான இருக்காங்க,” என்றான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எனக்குத் தூக்கம் வரல. ஒனக்கு வெத்தல கேக்குது,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏழாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்ததும் அவளுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. இங்கிலீஷில் எல்லோரையும் மிரட்டுகிற பெரிய பெரிய வார்த்தைகளெல்லாம் அவளுக்குப் பழகிய முகங்களாக இருந்தன. எவாபரேஷன், கண்டென்சேஷன், டெம்பரேச்சர், ரெஸ்பிரேஷன். எல்லாம் பிரெஞ்சில் அவள் தினம் புழங்கியவை. சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றன. அவளைப் பாடாய்ப் படுத்தியவை சின்ன வார்த்தைகள். கெட், புட், டேக், அப், ஆஃப். எந்தக் குழந்தையும் சொல்லிவிடும் என்கிறார்கள். ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் வேறு அர்த்தம், பிரித்தால் வேறு அர்த்தம், எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. அவற்றோடு மல்லுக்கட்ட அவளுக்குப் பொறுமை இல்லை. வாழ்க்கையில் பெரிய மனிதர்களோடு பழகிவிட்டு வேலைக்காரர்களைக் கண்டுகொள்ளாதவர்கள் உண்டல்லவா, அந்த மாதிரி சின்ன வார்த்தைகளை ஒதுக்கிவிட்டாள்.

பிறகு தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். ஐந்து வயதில் அவள் பிரெஞ்சு கற்றுக்கொண்ட வழி அது. பக்கத்தை மனப்பாடம் செய், எழுந்து நின்று ஒப்பி, உட்கார். வகுப்பில் தமிழ் பேசினால் மூலையில் நிற்க வேண்டும். அர்த்தம் பிறகு தானாக வரும் என்று அன்றைக்குத் தனக்குப் பாடம் சொன்ன மதாமை அவள் நம்பினாள், அர்த்தமும் வந்தது. அது வருவதற்குள் பத்து வருஷம் ஆனது என்பதை மட்டும் இப்போது மறந்துபோனாள்.

தினமும் மறுநாள் பாடத்தில் ஒரு பக்கத்தை நெட்டுருப் போட்டாள். முதலியார்பேட்டையிலிருந்து உப்பளத்துக்கு நடக்கிற வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே இருக்கும். வழியில் பூ விற்கிற குஞ்சம்மாள் ஒருநாள், “மதாம், எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?” என்று அக்கறையாகக் கேட்டாள். நீராவியைப் பற்றி ஒப்பித்துக்கொண்டிருந்தவள் என்ன பதில் சொல்வாள்? “எல்லாக் கோயிலுக்கும்தான்,” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வகுப்பில் பக்கம் தடையில்லாமல் ஓடியது. ஆனால் நெட்டுருவில் ஒரு தொல்லை உண்டு. நடுவில் யாராவது நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது. ஒரு பிள்ளை எழுந்து ஏதாவது சந்தேகம் கேட்டால், ராஜாம்பாள் அவளை ஒருமுறை முறைத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பாள். இரண்டு வாரத்தில் சந்தேகம் கேட்கிற வழக்கம் அந்த வகுப்பை விட்டே போய்விட்டது. ஒரு வரியைக் கேட்பதற்காக முப்பது வரியைக் கேட்க யாருக்கு ஆசை? வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்றும் சட்டம் போட்டாள். அந்தப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழ் கூடாது. அதனால் வாயை மூடிக்கொண்டார்கள். பெரும்பாலும் மில் வீட்டுப் பிள்ளைகள், மீன் விற்கிற வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் வீட்டிலும் இங்கிலீஷ் என்பது பக்கத்துத் தெருவுக்குக்கூட வராத ஒன்று.

கமலவேணி ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “க்ளாஸ் ரொம்ப அமைதியா இருக்குதே மதாம்,” என்று பாராட்டினாள். அந்தப் பாராட்டு ராஜாம்பாளுக்கு ஏனோ இனிக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பிரெஞ்சுப் பிரிவில் அவள் பிள்ளைகள் அவளைக் கண்டு பயந்தார்கள், ஆனால் பேசினார்கள். எதிர்த்துக்கூடப் பேசியிருக்கிறார்கள். இங்கே முப்பத்தைந்து பிள்ளைகள் அவளைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். தான் ஒரு வார்த்தைகூடச் சொந்தமாகப் பேசாமல் மூன்று மாதமாகப் பாடம் நடத்துகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்து என்ன செய்ய? ஆபீசர் வந்து போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைச் சமாதானப்படுத்தினாள்.

ஆபீசர் வருகிற நாள் செப்டம்பரில் என்று தெரிந்தது. அதற்கு முந்தைய வாரம் எந்தப் பள்ளியிலும் நடப்பது அங்கேயும் நடந்தது. நீரைப் பற்றிய பாடத்தைத் தேர்ந்தெடுத்து ஒத்திகை பார்த்தாள். இந்தக் கேள்விக்கு இந்தப் பெஞ்சு, அந்தக் கேள்விக்கு அந்தப் பெஞ்சு என்று பங்கு பிரித்துக்கொடுத்தாள். வேம்பு என்ற பிள்ளைக்கு மட்டும் பங்கு இல்லை. வேம்புவின் அம்மா பெரிய மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவள். வேம்புக்கு இரண்டு வரிக்கு மேல் நெட்டுரு ஏறாது. மூன்றாவது வரி வரும்போது முதல் வரி போய்விடும். “நீ பேசாம ஒக்காந்திருந்தாப் போதும்,” என்று ராஜாம்பாள் தானே போட்ட சட்டத்தை மீறித் தமிழிலேயே சொன்னாள்.

ஆபீசர் பெயர் இராமதாஸ். தலை நரைத்த, குரல் உயராத மனிதர். பின்பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கமலவேணி வாசலை ஒட்டி நின்றாள். ராஜாம்பாள் பக்கத்தை ஒப்பித்தாள். கேள்வி கேட்டாள். முதல் பெஞ்சு எழுந்து பதில் சொன்னது, இரண்டாவது பெஞ்சு எழுந்து பதில் சொன்னது. ஒரு தடுமாற்றம் இல்லை. எவாபரேஷனும் கண்டென்சேஷனும் தேர் மாதிரி அசைந்து அசைந்து நிலைக்கு வந்து நின்றன. கமலவேணியின் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

இராமதாஸ் எழுந்து முன்னால் வந்தார். எல்லோருக்கும் புரிகிற மாதிரி மெதுவான இங்கிலீஷில் பேசினார். நான் உங்களை ஒன்றும் கேட்கப் போவதில்லை, நீங்கள் என்னைக் கேளுங்கள் என்றார். தண்ணீரைப் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம், எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன் என்றார்.

வகுப்பு அசையவில்லை. பிள்ளைகள் ராஜாம்பாளைப் பார்த்தார்கள். பதில்களைப் பங்கு பிரித்தவள் கேள்விகளைப் பங்கு பிரிக்கவில்லையே. அவர் காத்திருந்தார். இந்த மூன்று மாதத்தில் தன் வகுப்பில் யாரும் எதையும் கேட்டதில்லை என்பது ராஜாம்பாளுக்கு அப்போது முழுதாக உறைத்தது. அவமானத்தில் காது சுட்டது. அதைவிட, அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. இவர்களை இப்படி உட்காரவைத்தது நான்தானே என்று நினைத்தாள். கதை முடிந்தது, ஏனாம்தான். முடிந்துபோன பிறகு பயப்பட என்ன இருக்கிறது?

மேசைமேல் கரும்பலகை துடைக்கிற ஈரத்துணி இருந்தது. அதை எடுத்தாள். பலகையின் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாள். கறுப்பாக, பளபளவென்று ஒரு ஈரப் பட்டை விழுந்தது. கடல் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டையின் ஓரங்கள் வெளுக்க ஆரம்பித்தன.

“லுக்,” என்றாள். அடுத்த வார்த்தைக்காக நின்றாள். அவள் தலைக்குள் இருந்த எந்தப் பக்கத்திலும் இதற்கு வரி இல்லை. கைக்குக் கிடைத்ததை எடுத்துக் கோத்தாள். “வாட்டர் கோ. வேர் கோ? ஹூ டேக்?”

நாற்பத்து மூன்று வயதுப் பெண்பிள்ளை, ஆபீசர் முன்னால், மூன்று வயதுக் குழந்தை பேசுகிற மாதிரி இங்கிலீஷ் பேசினாள். வாசலில் கமலவேணி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆனால் பிள்ளைகளுக்கு அது புரிந்தது. மதாம் வாயிலிருந்து புரிகிற மாதிரி வந்த முதல் இங்கிலீஷ் அதுதான். “சன் டேக், மதாம்,” என்று ஒரு குரல் வந்தது. “நோ நோ, விண்ட் டேக்,” என்று இன்னொரு குரல் மறுத்தது. இரண்டு பெஞ்சுக்கும் தகராறு வந்துவிட்டது. ராஜாம்பாள் இராமதாஸைக் கைகாட்டி, “ஆஸ்க் ஹிம்,” என்றாள்.

பின்பெஞ்சில் வேம்பு எழுந்து நின்றாள். பேசாமல் உட்காரச் சொல்லியிருந்த வேம்பு. பாவாடையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி வைத்தாள்.

“சார், மை மதர் ஃபிஷ் புட் சன். வாட்டர் கோ. ஃபிஷ் ட்ரை. ஸ்மெல் வொய் நாட் கோ?”

கருவாட்டிலிருந்து தண்ணீரெல்லாம் போய்விடுகிறது, வாடை மட்டும் ஏன் போவதில்லை? வகுப்பு குலுங்கிச் சிரித்தது. இராமதாஸும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டு மோவாயைத் தடவிக்கொண்டார். பிறகு, இதற்கு முழு விடை எனக்குத் தெரியாது, ஆனால் கொஞ்சம் சொல்லலாம் என்று ஆரம்பித்தார். உப்பைப் பற்றிச் சொன்னார், எண்ணெயைப் பற்றிச் சொன்னார். அவர் முடிப்பதற்குள் இன்னொருத்தி எழுந்தாள். தினமும் சூரியன் எடுக்கிறதே, கடல் ஏன் தீர்ந்துபோகவில்லை? கடல் தண்ணீர் உப்பு, மழை ஏன் உப்பில்லை? எல்லாம் ஒடிந்த இங்கிலீஷ். ஒருத்தி சோற்றுப் பானை மூடியில் நீர் கோப்பதைச் சொல்ல வந்து பாதியில் தமிழுக்குத் தாவினாள். ராஜாம்பாள் முறைக்கவில்லை, அந்தத் தமிழ் வார்த்தைக்கு இங்கிலீஷ் என்ன என்று அவரையே கேட்டாள். “லிட்” என்றார். பானைக்கு மூடி. அந்தச் சின்ன வார்த்தையை அவள் பிள்ளைகளோடு சேர்ந்து வாய்விட்டுச் சொன்னாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

தாழ்வாரத்தில் இராமதாஸ் அவளோடு தமிழில் பேசினார்.

“மொதல்ல நடந்தது நல்ல மனப்பாடம்மா. அத எல்லா ஸ்கூல்லயும் பாக்கறேன். அதோட நின்னிருந்தா நான் ஏனாம்னுதான் எழுதியிருப்பேன். பின்னால நடந்தது க்ளாஸ். ஒங்க இங்கிலீஷ் மோசம். ஆனா அது வளந்துரும், ஏன்னா இப்பப் பேச ஆரம்பிச்சிட்டீங்க.” “எத்தன நாளாக் கத்துக்கறீங்க?” என்றும் கேட்டார்.

“இன்னைக்குத்தான் சார்,” என்றாள் ராஜாம்பாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“அப்ப இந்த ஏழாவத விட்டுராதீங்க. ஏனாமுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்றேன்.”

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் எதையும் ஒப்பிக்கவில்லை. உதடு சும்மா இருந்தது. குஞ்சம்மாளிடம் ஒரு முழம் பூ வாங்கினாள். சந்தோஷம் நெஞ்சு நிறைய இருந்தது. அதை யாரிடமாவது கொட்ட வேண்டும் என்று வேகமாக நடந்தாள்.

நாராயணசாமி கூடத்தில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே சொல்லிவிட்டாள்.

“கேட்டியா, போவ வாணாம். இங்கியே இருக்கச் சொல்லிட்டாங்க.”

அவன் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள். மலரத்தான் செய்தது. ஆனால் கூடவே எதையோ கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாதவன் மாதிரி ஒரு பார்வையும் வந்தது.

“நல்லதாப் போச்சு,” என்றான். பிறகு லேசாகச் சிரித்தான். “அப்போ நான் கத்துக்கிட்டதுதான் வேஸ்ட்டு.”

“நீ இன்னா கத்துக்கிட்ட?”

“தெலுங்கு.”

“தெலுங்கா? ஆருகிட்ட?”

“எங்கூட மில்லுல இருந்த முருகையன் வூட்டுல தெலுங்குதான பேசறாங்க. நீ ஸ்கூலுக்குப் போனதும் அங்க போயி ஒக்காந்துக்குவேன். நீ அந்தப் புஸ்தகத்த வெச்சிக்கிட்டு ராவும் பகலும் மாரடிக்கறதப் பாத்தேன். தோத்துட்டா என்னிய இன்னா பண்றதுன்னுதான ஒனக்குப் பயம்? எனக்குத் தெரியாதா? நானே வாயத் தொறந்து கேட்டுக்க முடியும்னு வெச்சிக்க, நீ தைரியமாத் தோக்கலாம் இல்ல. அதான்.” விரல் விட்டுச் சொன்னான். “நீள்ளுன்னா தண்ணி. மந்துன்னா மருந்து. தக்குன்னா இருமல். டாக்டர்கிட்ட அது போதும்.”

வெற்றிலை கேட்கிறதா என்று அவனைக் குத்திக்காட்டியது அவளுக்கு இப்போது வலித்தது. இவனுக்குக் கவலையே இல்லை என்று இத்தனை நாளாகக் கருவிக்கொண்டிருந்தாள். கண் கலங்குவதை மறைக்கப் பூவைப் பிரிக்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

“முழுசா ஒரு பேச்சுப் பேசத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“தெரியும். மொதல்ல அதத்தான் கேட்டுக் கத்துக்கிட்டேன்.” நாராயணசாமி மூச்சைச் சேர்த்துக்கொண்டு, ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். “மா ஆவிட டீச்சரு.”

“அப்படின்னா?”

“எம் பொண்டாட்டி டீச்சர்னு அர்த்தம். மில்லும் போச்சு, தெம்பும் போச்சு. போற ஊர்ல நீ ஆருன்னு என்னக் கேட்டா வேற இன்னாத்தச் சொல்றது?”

ராஜாம்பாள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அதை இன்னொரு தடவை, மெதுவாகச் சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான்.